ஜிடி-ஆர் யாருக்கு முதலில் கிடைத்தது? வெளிநாட்டு டெலிவரி வதந்திகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அறிவித்த மறுநாளே "அந்த நாட்டில் ஒருத்தர் கைக்கு வந்துவிட்டதாம், நம் பக்கம் அடுத்த மாதமே கப்பலாம்" என்று பேச்சு கிளம்பிவிடும். அதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். உதாரணத்துக்கு நிஸான் ஜிடி-ஆர் ஆர்35 (ஆர்35 என்பது அந்தத் தலைமுறைக் காரின் குறியீடு). அந்தக் காரின் கதை 2007-ல் தொடங்கி 2025-ல் முடிந்தேவிட்டது, அதனால் அன்றைக்கு என்ன பேசினார்கள், பிறகு என்ன நடந்தது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. அப்புறம், எனக்கு அந்தக் கார் மிகவும் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தேதிகள். எந்த நாட்டுக்கு எப்போது போனது?

2007 அக்டோபர் 24 அன்று டோக்கியோ மோட்டார் ஷோவில் காரைக் காட்டினார்கள். டிசம்பர் 6 அன்று ஜப்பானில் விற்பனை தொடங்கியது, ஆரம்ப விலை 77.7 லட்சம் யென். அமெரிக்காவுக்கு 2008 ஜூன் என்று சொல்லியிருந்தார்கள், முதல் கார் வாடிக்கையாளர் கைக்குப் போனது ஜூலை 7. ஐரோப்பாவுக்கு 2009 மார்ச். இந்தியாவுக்கு 2016 டிசம்பர்.

ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே 15 மாதம். வதந்திகள் வளர்ந்தது இந்த 15 மாதத்தில்தான்.

ஆனால் 2008 தொடக்கத்திலேயே பிரிட்டன் சாலைகளில் ஜிடி-ஆர் ஓடியதே, அது டெலிவரி இல்லையா?

ஓடியது உண்மை. கார் பத்திரிகைகள் ஜப்பானியக் கார்களை அங்கே வைத்தே ஓட்டிப் பார்த்து எழுதின. ஆனால் அவை நிஸான் பிரிட்டனுக்காகத் தயாரித்து டீலர் வழியாகத் தந்த கார்கள் இல்லை. ஜப்பானில் யாரோ விலை கொடுத்து வாங்கி, கப்பலில் ஏற்றி, பிரிட்டனில் இறக்கி, தனி வண்டிக்கான சோதனையில் தேறவைத்து நம்பர் வாங்கியவை. இதைத்தான் கிரே இறக்குமதி என்கிறோம், சட்டத்துக்கு உட்பட்டதுதான், கள்ளக்கடத்தல் இல்லை. ஜப்பானைப் போலவே சாலையின் இடதுபக்கம் ஓட்டும் நாடுகளுக்கு இது சுலபம், ஸ்டீயரிங் ஏற்கனவே வலதுபக்கம் இருக்கிறது. பிரிட்டன், சிங்கப்பூர், ஹாங்காங் மூன்றிலும் ஜப்பானியக் கார் ரசிகர்கள் அதிகம் என்பதால் பார்த்தவர்கள் உடனே படம் எடுத்துப் பரப்பினார்கள்.

ஒரு கார் ஒரு நாட்டுக்குள் வந்துவிட்டது என்பது வேறு, அந்த நாட்டில் டெலிவரி தொடங்கிவிட்டது என்பது வேறு. முன்கூட்டிய டெலிவரி என்று நான் பார்த்த செய்திகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியவைதான், படத்தில் இருக்கும் கார் நிஜம், அதற்குக் கீழே எழுதியிருப்பதுதான் தப்பு.

தொழிற்சாலை ஒன்று, கார் ஒன்று. எல்லா நாட்டுக்கும் ஒரே நாளில் ஏன் தரமுடியாது?

இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லவேண்டும், ஏனென்றால் மற்ற கேள்விகளுக்கான விடையும் இதற்குள் இருக்கிறது.

முதலாவது, எஞ்சின். ஆர்35-ன் 3.8 லிட்டர் இரட்டை டர்போ வி6 எஞ்சினை யோகோஹாமாவில், தூசி புகாத அறையில், ஒரே கைவினைஞர் ஆரம்பம் முதல் முடிவு வரை கையால் கோத்தார். அவர்களை டாகுமி என்பார்கள், செய்தவர் பெயர் பொறித்த தகடே பிற்காலக் கார்களின் எஞ்சினில் இருக்கும். அந்த வேலையை அவசரப்படுத்த முடியாது. அங்கிருந்து எஞ்சின் டோச்சிகி தொழிற்சாலைக்குப் போய்க் காரில் ஏறும், பிறகு ஒவ்வொரு காரையும் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்துதான் வெளியே விட்டார்கள். மாதம் 1,000 கார் என்பதே பெரிய எண்ணிக்கை. ஜப்பானில் மாதம் 200 விற்றால் போதும் என்று இலக்கு வைத்திருந்தவர்களுக்கு அதைவிடப் பல மடங்கு ஆர்டர் வந்து குவிந்தது. சொந்த ஊரிலேயே வரிசையில் ஆள் நிற்கும்போது வெளியூருக்கு அள்ளிக் கொடுக்க எங்கே கார்?

இரண்டாவது, ஸ்டீயரிங். அதற்கு முந்தைய ஜிடி-ஆர் எதுவும் இடதுபக்க ஸ்டீயரிங்கோடு தயாரிக்கப்பட்டதில்லை. ஆர்35-தான் முதல். டாஷ்போர்டு, பெடல்கள், ஸ்டீயரிங் தண்டு போகும் வழி எல்லாவற்றையும் இன்னொரு தடவை வடிவமைத்துச் சோதிக்கவேண்டும்.

மூன்றாவது, ஒப்புதல். புகை, சத்தம், மோதல் சோதனை, விளக்குகள் என ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி விதி. இதைத்தான் ஹோமோலோகேஷன் என்கிறார்கள். இது முடியாமல் வாடிக்கையாளருக்கு ஒரு காரைக்கூடத் தரமுடியாது, எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்.

நாலாவது, சர்வீஸ். எல்லா நிஸான் டீலருக்கும் ஜிடி-ஆர் விற்க அனுமதி தரவில்லை, தனிக் கருவிகள் வாங்கி மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுத்தவர்களுக்குத்தான் தந்தார்கள். கார் தயாராக இருந்தும் டீலர் தயாராகாததால் காத்திருப்பது இந்த வகைக் கார்களில் சகஜம்.

கிரே இறக்குமதியில் முன்னாடியே வாங்கியவர்கள் புத்திசாலிகள்தானே?

15 மாதம் முன்னதாக ஓட்டினார்கள், அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதற்குக் கொடுத்த விலை வண்டி விலையோடு முடியவில்லை.

ஜப்பானியக் காரில் 180 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு இருந்தது. அதை எடுக்கவேண்டுமென்றால், கார் அங்கீகரிக்கப்பட்ட ரேஸ் டிராக்கில் நிற்கிறது என்று ஜிபிஎஸ் உறுதிசெய்யவேண்டும், அந்த டிராக்குகள் எல்லாம் ஜப்பானில் இருந்தன. 480 குதிரைத்திறன் காரை வெளிநாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள், அதன் கம்ப்யூட்டரை உடைத்துத் திறக்கத் தெரிந்தவரைத் தேடி அலைந்தார்கள். அன்றைய ஜப்பானிய எஃப்எம் ரேடியோ 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை, பிரிட்டனில் 87.5 முதல் 108 வரை, அதனால் பெரும்பாலான நிலையங்கள் எடுக்காது. மீட்டர் கிலோமீட்டரில், சாலைப் பலகை மைலில். பின்பக்கப் பனிவிளக்கு பிரிட்டனில் கட்டாயம், ஜப்பானில் இல்லை, அதைத் தனியாகப் பொருத்தவேண்டும். வழிகாட்டித் திரை முழுக்க ஜப்பானிய மொழி, வரைபடம் டோக்கியோவைக் காட்டும்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று விட்டுவிடலாம், வாரண்டியை விடமுடியாது. ஜப்பானில் வாங்கிய வண்டியின் வாரண்டி ஜப்பானில்தான் செல்லும். பின் சக்கரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் கெட்டால் செலவு பயங்கரமானது. அந்தச் செலவைத் தாங்கத் தயார் என்பவர் மட்டும் முந்திக்கொள்ளலாம் என்பதுதான் என் கருத்து.

அதே வழியில் அமெரிக்காவுக்கும் சிலர் முன்கூட்டிக் கொண்டுபோனார்கள் என்கிறார்களே?

இதை யோசிக்காமலே தள்ளிவிடலாம். 1988-ல் வந்த சட்டப்படி, அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காகத் தயாரிக்கப்படாத கார் 25 வயது ஆகாமல் சும்மா உள்ளே வரமுடியாது. அபூர்வக் கார்களைக் காட்சிக்கு வைக்க ஒரு விலக்கு உண்டு, அதிலும் ஆண்டுக்கு 2,500 மைல்தான் ஓட்டலாம். முந்தைய தலைமுறை ஜிடி-ஆர்களான ஆர்32, ஆர்33, ஆர்34 மூன்றும் அங்கே அதிகாரபூர்வமாக விற்கப்படவே இல்லை, அதனால் 1999-ல் செய்த ஆர்34-க்கு அமெரிக்க ரசிகர்கள் 2024 வரை காத்திருந்தார்கள். 25 வருஷம்! ஆர்35 அமெரிக்காவுக்கு வருகிறது என்றதும் அவர்கள் அப்படித் துள்ளியது ஏன் என்று இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

2008 ஜூலைக்கு முன்பு அமெரிக்கச் சாலையில் யாராவது ஆர்35-ஐப் பார்த்திருந்தால், அது நிறுவனத்தின் சோதனைக் கார் அல்லது பத்திரிகையாளர்களுக்குக் கொடுத்த கார்.

ஜப்பானில் வாங்கி வெளியே விற்றால் பெரிய லாபம் என்று சொன்னார்களே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 77.7 லட்சம் யென் என்பது 5 சதவீத வரி சேர்த்த விலை, வரியைக் கழித்தால் 74 லட்சம். 2008 ஜனவரியில் டாலருக்கு 107 யென் பக்கம் இருந்தது, அந்தக் கணக்கில் சுமார் 69,000 டாலர். அமெரிக்காவில் வைத்த விலை 69,850. கிட்டத்தட்ட ஒன்றேதான், நிஸான் விலையில் இடைவெளி விடவில்லை. லாபம் வந்தது காத்திருக்க முடியாதவர்களிடமிருந்து. அமெரிக்க டீலர்கள் பலரும் அச்சிட்ட விலைக்கு மேல் ஆயிரக்கணக்கில் டாலர் கேட்டதும் இதே காரணத்துக்காகத்தான்.

போர்ஷே நிறுவனமே ஐரோப்பாவில் விற்பனைக்கு வருமுன் ஒரு ஜிடி-ஆர் வாங்கியதாமே, உண்மையா?

உண்மை, இந்தப் பக்கத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. 2008 ஏப்ரலில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கை 7 நிமிடம் 29 வினாடியில் சுற்றியதாக நிஸான் அறிவித்தது. போர்ஷே நம்பவில்லை. ஐரோப்பாவில் இன்னும் விற்பனை தொடங்கவில்லை என்பதால் அமெரிக்காவில் ஒரு காரை வாங்கி, தன் ஆளை வைத்து ஓட்டிப் பார்த்து, 7 நிமிடம் 54 வினாடிதான் வந்தது என்று அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் சொன்னது. நிஸான் மறுத்தது, சண்டை நீண்டது. யார் சொன்னது சரி என்பதற்குள் நான் போகவில்லை. ஜெர்மனியில் ஒரு ஜிடி-ஆர் ஓடியது, விலைக்கு வாங்கிய கார்தான், ஆனாலும் அது ஐரோப்பிய டெலிவரி இல்லை என்பதைக் கவனியுங்கள். டிராக் பக்கம் அதைப் பார்த்த ஒருவர் "ஜெர்மனியில் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்" என்று எழுதியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

முதல் கார் ஏலத்தில் போய்விட்டது என்றால் டெலிவரி தொடங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. 2020 ஜனவரியில் செவர்லே கார்வெட் சி8-ன் முதல் கார் அமெரிக்காவில் 30 லட்சம் டாலருக்கு நன்கொடைக்காக ஏலம் போனது. கென்டக்கியின் பௌலிங் கிரீன் தொழிற்சாலையில் வழக்கமான தயாரிப்பு தொடங்கியதோ பிப்ரவரியில். ஏலத்தில் விற்பது அந்த எண்ணுள்ள கார் மீதான உரிமையை, மேடையில் நிற்பதை அப்படியே ஓட்டிக்கொண்டு போவதில்லை.

சொந்த நாட்டில்தான் எப்போதும் முதலில் கிடைக்குமா?

சொந்த நாடு எது என்பதே குழப்பம். இரண்டாவது தலைமுறை ஹோண்டா என்எஸ்எக்ஸ் ஓஹாயோவில் செய்யப்பட்டது, அமெரிக்கர்களுக்கு 2016-ல் கிடைத்தது, ஜப்பானில் விற்பனை 2017-ல்தான். 2019-ல் வந்த டொயோட்டா சுப்ரா ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் தயாரானது, ஜப்பானியருக்கே அது கப்பலில்தான் வந்து சேர்ந்தது. அதனால் "ஜப்பானியக் கார், ஜப்பானில் முதலில் வரும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடாது. எந்தத் தொழிற்சாலை, எந்தப் பக்க ஸ்டீயரிங்கை முதலில் செய்கிறார்கள், இந்த இரண்டையும் பாருங்கள்.

அறிவித்த தேதி எவ்வளவு தள்ளிப்போகலாம்?

சி8 கார்வெட்டையே பாருங்கள். 2019 ஜூலையில் காட்டினார்கள், அந்த வருடக் கடைசியில் தயாரிப்பு தொடங்கும் என்றார்கள். செப்டம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் 40 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், தயாரிப்பு 2020-க்குப் போனது. தொடங்கிய அடுத்த மாதமே கொரோனாவால் தொழிற்சாலை மூடல், மே கடைசியில்தான் திறந்தார்கள். தொழிற்சாலையிலேயே வலதுபக்க ஸ்டீயரிங்கோடு செய்யப்பட்ட முதல் கார்வெட் இது. ஆஸ்திரேலியர்கள் ஆசையாகக் காத்திருந்தபோது, அங்கே அதை விற்கவேண்டிய ஹோல்டன் நிறுவனத்தையே மூடப்போவதாக 2020 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. கார் வருமா வராதா என்று எவ்வளவு ஊகம்! கடைசியில் 2021 முடியும் நேரத்தில்தான் அங்கே வந்து இறங்கியது.

வராமலே போவதும் உண்டு. 2021-ல் காட்டிய நிஸான் இசட் காரை, புகை விதிகள் இறுகியதால் ஐரோப்பாவில் விற்கவில்லை.

கப்பலில் ஏற்றியாகிவிட்டது என்று டீலர் சொல்கிறார். இனி நிச்சயம்தானே?

கிட்டத்தட்ட. ஜப்பானிலிருந்து அமெரிக்க மேற்குக் கரைக்கு இரண்டு வாரம் போல, ஐரோப்பாவுக்கு ஒரு மாதத்துக்கு மேல். இறங்கிய பிறகு சுங்கம், துறைமுகச் சோதனை, லாரி, டீலரிடம் கடைசிச் சரிபார்ப்பு. கப்பல் வந்த நாளை டெலிவரி நாளாக எழுதிவிடுகிறார்கள், இடையில் இன்னும் சில வாரம் இருக்கிறது.

அரிதாக விபத்தும் நடக்கும். 2022 பிப்ரவரியில் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஃபெலிசிட்டி ஏஸ் கப்பல் அசோர்ஸ் தீவுகள் அருகே தீப்பிடித்து, மார்ச் 1 அன்று மூழ்கியது. ஊழியர்கள் 22 பேரும் பிழைத்தார்கள், அது பெரிய நிம்மதி. உள்ளே சுமார் 4,000 கார்கள், போர்ஷே, பென்ட்லி, லம்போர்கினி எல்லாம் இருந்தன. அவென்டடோர் தயாரிப்பை முடித்துக்கொண்டிருந்த லம்போர்கினி, மூழ்கியவற்றுக்குப் பதிலாக மறுபடியும் சில கார்களைச் செய்யவேண்டியிருந்தது.

முன்னாடியே வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?

கையில் ஒதுக்கீடு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஆர்டர் எடுத்திருப்பது ஒன்று, தொழிற்சாலை அந்த ஆர்டருக்கு ஒரு காரை ஒதுக்கியிருப்பது இன்னொன்று. ஒதுக்கியிருந்தால் தயாரிப்பு மாதத்தைச் சொல்லுவார், கார் தயாரான பிறகு சேஸிஸ் நம்பரையும் சொல்லமுடியும். எந்த நாட்டுக்கான வண்டி, வாரண்டி யார் தருவது, கார் வராவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். "எல்லாம் என் பொறுப்பு சார்" என்ற வாய்வார்த்தைக்குப் பணம் கொடுக்காதீர்கள், தயவுசெய்து.

இந்தியாவில் துபாய் நம்பரோடு இப்படிப்பட்ட கார்கள் ஓடுகின்றனவே, அது எப்படி?

பெரும்பாலும் கார்னெட் வழி. வெளிநாட்டில் பதிவான காரை, திரும்ப எடுத்துப்போவேன் என்ற உத்தரவாதத்தோடு, வரி கட்டாமல் சில மாதங்களுக்குக் கொண்டுவரலாம். வளைகுடாவில் வேலை செய்பவர்கள் அதிகம் உள்ள கேரளத்தில் இப்படி வரும் கார்களை அடிக்கடி பார்க்கலாம். அந்த மாடல் இந்தியாவில் விற்பனைக்கு வரப்போகிறது என்பதற்கு அது அறிகுறியே இல்லை.

ஜிடி-ஆர் இங்கே முறையாக வந்தது 2016 டிசம்பர் 2, டெல்லி ஷோரூம் விலை 1.99 கோடி. அந்தப் பிப்ரவரி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டியபோது செப்டம்பர் என்றார்கள், அதுவும் தள்ளித்தான் போனது. சென்னை அருகே ஒரகடத்தில் நிஸான் கார்கள் தயாரானாலும் இந்தக் கார் டோச்சிகியிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. 2018-ல் விதி தளர்ந்து, ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,500 வண்டி வரை இங்கே தனியாக ஹோமோலோகேஷன் செய்யாமல் இறக்கலாம் என்று ஆனது. குறைந்த எண்ணிக்கையில் விற்கும் ஸ்போர்ட்ஸ் கார்கள் இப்போது ஓரளவு சீக்கிரம் வருவதற்கு அது பெரிய காரணம்.

படத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

நம்பர் பிளேட் முதலில். அது நிறுவனத்தின் தற்காலிக பிளேட்டா, சொந்தப் பதிவா? அப்புறம் ஸ்டீயரிங் பக்கம், மீட்டரில் மைலா கிலோமீட்டரா, பம்பர் ஓரத்தில் அமெரிக்காவுக்கான ஆரஞ்சு விளக்கு இருக்கிறதா, திரையில் என்ன மொழி. பாதிச் சந்தேகம் இதிலேயே தீரும். சாவி கொடுக்கும் படம் என்றால் இடம் அங்கீகாரம் பெற்ற டீலர்தானா என்று பாருங்கள்.

கடைசியாக, ஜிடி-ஆர் ஒவ்வொரு நாட்டிலும் எப்போது நின்றது?

ஏறக்குறைய வந்த வரிசைக்கு நேர் எதிராக. ஆஸ்திரேலியாவில் பக்கவாட்டு மோதல் விதி மாறியதால் 2021-ல். ஐரோப்பாவில் சத்த விதியால் 2022 மார்ச்சில். அமெரிக்காவில் 2024 மாடலோடு. உள்ளே வரத் தாமதப்படுத்திய அதே ஒப்புதல் விதிகள்தான் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் வெளியே அனுப்பியும் வைத்தன. ஜப்பானில் மட்டும் கடைசி வரை ஓடி, சுமார் 48,000 கார்கள் செய்த பிறகு, 2025 ஆகஸ்ட் 26 அன்று டோச்சிகியில் கடைசி ஆர்35 இறங்கியது. மிட்நைட் பர்ப்பிள் நிறம், டி-ஸ்பெக் என்ற சிறப்பு வகை. அதை வாங்கியவர் ஜப்பானில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர்.